இளசுகளை மட்டும் பிடித்த காய்ச்சல்

1978ஆம் ஆண்டு மாசி மாதம் பீங்கான் சாமான் செய்யும் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டுக்குள் ஒரு காய்ச்சல் நுழைந்தது. அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிற பெண்களும் சூளைக்குச் சாமான் சுமக்கிற பையன்களும் கும்பல் கும்பலாகப் படுத்தார்கள். பாதிக் கொட்டகைகளில் வேலை நின்றுபோனது.

ஆஸ்பத்திரி டாக்டர் சாதிகாவைப் பயமுறுத்தியது காய்ச்சல் அல்ல. கட்டிலில் கிடந்த அத்தனை பேரும் இருபது, இருபத்திரண்டு வயதைத் தாண்டாதவர்கள். அவர்களுடைய இருமலை முகத்தில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய் தகப்பனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. யாரைத் தொட வேண்டும் என்று தெரிந்தே வந்தது போலிருந்தது.

சாதிகாவின் சொந்த ஊர் பக்கத்திலிருந்த மங்கலம்பேட்டை. அவள் தம்பி ஹிதாயத்துல்லா அப்போதுதான் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனுக்கும் காய்ச்சல் கண்டது. அது போதுமாயிருந்தது. "துபாய்க்காரன் கொண்டாந்த சீக்கு" என்று பேச்சு கிளம்பியது. டீக்கடையில் அவனுக்குக் கிளாஸ் தர மறுத்தார்கள். அங்கே அவர்கள் குடும்பம் நடத்திய ஜவுளிக்கடைப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை. ஒரு நாள் கடைக் கதவில் கல் விழுந்தது.

எஸ்டேட்டில் வேலை பார்த்த ஆண்டாளுக்கு வயது பதினெட்டு. காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, சாதிகா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் உதடு நீலம் பாய்ந்தது. விடிந்ததும் இறந்துபோனாள். உடலை வாங்க வந்த அவள் அப்பா பச்சமுத்து, சாதிகாவின் எதிரில் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, ஒங்க தம்பி கொண்டாந்த சீக்குன்னு சொல்றாங்களே, நெசமா?"

"இல்லைங்க. அவன் ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே எஸ்டேட்டுல பல பேரு படுத்துட்டாங்க."

"அப்ப எங்கேருந்துதான் வந்துது? எனக்கு ஒண்ணும் ஆவல. அவ அம்மாவுக்கு ஒண்ணும் ஆவல. அவள மட்டும் எப்பிடித் தேடிப் புடிச்சுது?"

சாதிகா உடலைக் கொடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

மெட்ராஸில் வைரஸ் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்த நடராசன், கல்லூரியில் அவளுக்கு சீனியர். அவள் போன் செய்ததால் முன்பே வந்து நோயாளிகளின் தொண்டைச் சளியும் ரத்தமும் எடுத்துப் போயிருந்தார். ஆண்டாள் இறந்த மறுவாரம் திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. ஊர் டாக்டர்கள் கூடிய கூட்டத்தில் பேசினார்.

"இது ஃப்ளூ வைரஸ்தான், ஆனா புதுசு இல்லை. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆகுது, அப்ப சுத்தினது. இருபது வருஷத்துக்கு முன்னாடி அடியோட மறைஞ்சுபோச்சு. அந்தக் காலத்து ஆளுங்க ஒடம்புல எதிர்ப்பு இருக்குது. அப்புறம் பொறந்தவங்கதான் மாட்டிக்கிறாங்க."

ஊரின் மூத்த டாக்டர் விருத்தகிரி கேட்டார்: "மறைஞ்சது திரும்பி வரக்கூடாதா? ஏதாவது மிருகத்துல தங்கியிருக்கலாமே?"

"தங்கியிருந்தா வருஷா வருஷம் மாறியிருக்கணும் சார். இது மாறவே இல்லை. நடுவுல அத்தனை வருஷமும் நடக்காத மாதிரி இருக்குது."

"அதனால?"

"யாரோ ஒறைய வச்சிருந்திருக்காங்க. ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்துலேருந்து, இல்லேன்னா தடுப்பூசிச் சோதனையிலேருந்து வெளிய வந்திருக்கணும்."



"நிரூபிக்க முடியுமா?" என்றார் விருத்தகிரி.

"முடியாது சார்."

"அப்ப வெளிய பேசாதீங்க. டாக்டருங்களே நோயை வளக்குறாங்கன்னு ஊருல கெளம்பிட்டா, நாளைக்கு எந்தத் தாய் புள்ளைய ஊசிக்குத் தூக்கிட்டு வருவா? பெரியம்மை இப்பத்தான் ஒழிஞ்சிருக்குது."

சாதிகா எழுந்தாள். "பேசலேன்னா பழி என் தம்பி மேலயே நிக்கும் சார்."

அவள் பேச்சு எடுபடவில்லை. நோய் வந்த வழி தெரியவில்லை என்று சொல்லிவிடுவதாக முடிவானது.

மறுநாள் சாதிகா பச்சமுத்துவின் வீட்டுக்குப் போனாள்.

"நிச்சயமா யாருக்கும் தெரியலைங்க. ஆனா எங்கயோ, யாரோ பெட்டியில ஒறைய வச்சிருந்த பழைய கிருமி தப்பி வந்திருக்கலாம்னு ஒரு டாக்டர் நெனைக்கிறாரு."

பச்சமுத்து கேட்டார்: "சீக்க எதுக்கும்மா பத்திரமா வைக்கிறாங்க?"

ஆராய்ச்சிக்கு, மருந்து கண்டுபிடிக்க என்று ஏதோ சொன்னாள். அவளுக்கே அது பதிலாகப் படவில்லை.

மகளின் கருமாதிக்கு வேண்டிய வேட்டியைப் பச்சமுத்து மங்கலம்பேட்டைக்குப் போய் ஹிதாயத்துல்லா குடும்பத்தின் கடையிலேயே, எல்லோரும் பார்க்க வாங்கினார். அதன் பிறகு கல் விழவில்லை. ஆனால் ஹிதாயத்துல்லா அதற்கு முன்பே லீவைக் குறைத்துக்கொண்டு, துபாய் விமானத்துக்காகப் பம்பாய்க்கு ரயிலேறியிருந்தான். இனி ஊருக்கு வரப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

மேலும் சில மாதிரிகள் எடுக்கத் தங்கியிருந்த நடராசன் மெட்ராஸ் கிளம்பினார். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்த சாதிகா கேட்டாள்:

"பழைய வைரஸோட ஒத்துப் பாத்துத்தானே சொன்னீங்க? அந்தப் பழையது ஒங்களுக்கு எங்கேருந்து கெடச்சுது?"

நடராசன் பெட்டியைக் கீழே வைத்தார். "எங்க லேபுலயே இருக்குது. எத்தனையோ நாட்டு லேபுல இருக்குது."

"பூட்டி வச்சிருக்கீங்களா?"

"பூட்டு இருக்குது," என்றார். "சாவி நாலஞ்சு பேருகிட்ட இருக்குது."

மெட்ராஸ் பஸ் வந்து நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.

கோடையில் காய்ச்சல் தணிந்தது. மார்கழிப் பனியில் எஸ்டேட்டுக் கொட்டகைகளில் மறுபடியும் இருமல் கேட்டது. மாசியில் அந்தக் காய்ச்சல் காணாமல், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்டாளின் வயதுக்காரர்கள். சாதிகா வார்டில் இன்னும் பத்துக் கட்டில் போடச் சொன்னாள்.