பரிசோதகர் வரும்வரை பூட்டு

அந்தத் தெருவின் அடிகுழாயைச் சங்கிலி போட்டுப் பூட்டிப் பதினெட்டு நாளாயிற்று. குழாய் கெட்டுவிட்டதா என்றால், அதுதான் இல்லை. தண்ணீர் வருவதால்தான் பூட்டு! கடல் கடந்த ஏதோ ஒரு நிதியம், "முதலில் பலனைக் காட்டு, அப்புறம் பணம்" என்று புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. பரிசோதகர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். அவர் கண்ணெதிரே ஒரு நிமிடத்தில் ஒரு குடம் நிறைய வேண்டும். நிறைந்தால் ஒரு வருடத்துக்கு ரிப்பேர், உதிரிபாகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இல்லையென்றால் பட்டை நாமம்.

பூமிக்கடியில் தண்ணீரை இழுக்கும் சிலிண்டரோ தேய்ந்துபோய், இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. புதிது வாங்கத் தெருவுக்கு வக்கில்லை. தண்ணீர்க் குழுச் செயலாளர் மூளையைக் கசக்கி ஒரு வழி சொன்னார்: "அடிச்சாத்தானே தேயும்? அவர் வர்ற வரைக்கும் யாரும் அடிக்காதீங்க."

சாவி, குழாயைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம். அவளுக்குச் சாவிக்காரி என்றே பெயராகிவிட்டது. தெருவெல்லாம் குளத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போயிற்று.

பதினெட்டாம் நாள் நண்பகலில் அவள் தங்கை வந்து நின்றாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. இரண்டு நாளாக வாந்தி, பேதி.

"அக்கா, ஒரே ஒரு குடம்."

"காய்ச்சிக் குடுடி."

"காய்ச்சாமலா குடுக்கறேன்? காய்ச்சினா சேறு பாலாயிடுமா?"

"குழாய் அடிக்கற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். உனக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும்."

"சரி. பரிசோதகர் வர்றவரைக்கும் தாகத்த அடக்கிக்கோன்னு இவன்கிட்ட நீயே சொல்லு."

குழந்தை அழுதது. கண்ணில் சொட்டு நீர் இல்லை. சாவிக்காரி அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். நீர் வற்றிய உடம்பில் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை, பூட்டைத் திறந்துவிட்டாள்.

கைப்பிடி கிரீச்சிட்டதுதான் தாமதம், குடங்கள் ஓடி வந்தன. மூன்றாம் வீட்டுக்காரி ஒருத்தியே ஆறு குடம் கொண்டுவந்தாள்.

"போதும், நிறுத்துங்கடி!"

"ஏன், உன் தங்கச்சி புள்ள மட்டும்தான் புள்ளையா?"

சாவிக்காரி விலகி நின்றாள். முப்பத்தோராவது குடத்தில் கைப்பிடி பஞ்சுபோல லேசாயிற்று. தண்ணீர் நின்றது.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. பரிசோதகர் சின்ன வயது, தன்மையான மனிதர். குடத்தை வைத்து அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"சார், மூணு நாள் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நிறைஞ்சிருக்கும். தெருவே புடிச்சுது சார். ஒரு புள்ள பொழைச்சுது. அத எழுதிக்குங்க," என்றாள் சாவிக்காரி.

"அதுக்கு இந்த ஃபாரத்துல இடமில்லம்மா. தண்ணி வந்துச்சா, வரலையா, அவ்வளவுதான் கேக்குது."

"இன்னும் ஒரு நிமிஷம் குடுங்க, நான் அடிக்கறேன்."

தொங்காத குறையாக அடித்தாள். அவரும் மரியாதையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பில் ஏறினார். செயலாளர், "குடியக் கெடுத்துட்டியே பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஜீப்பின் புழுதி அடங்கியும் அவள் நிறுத்தவில்லை. உள்ளங்கை கொப்புளம் கண்டு உடைந்தது. யாரோ தோளைத் தொட்டார்கள். மூன்றாம் வீட்டுக்காரி.

"விடு, கை போயிடும். குளத்துக்குத்தான் போகணும், வா." காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "காலையிலேருந்து என் சின்னவனுக்கும் வயித்தால போகுது."