குதிரை மூச்சு விடும்வரை

தாம்தின் அண்ணனுக்கும் அவர் மருமகள் அங்கிர்மாவுக்கும் நடந்ததை எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் சண்டை என்று சொல்லவில்லை. குரல் உயர்ந்தால்தானே சண்டை. தேநீர் ஊற்றும்போது அவள் ஒரு வார்த்தை சொல்வாள், ஆட்டுப்பட்டியைத் திறக்கும்போது அவர் ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான். ஆனால் குளிர்காலம் முழுக்க அது ஓயவில்லை. பக்கத்துக் கூடாரத்துக்காரி என்பதால், ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் விழுங்கியதை இருவரும் என்னிடம் வந்துதான் கொட்டினார்கள்.

விஷயம் இவேல். தாம்தின் அண்ணனின் பேத்தி, மூன்று வயது. அங்கிர்மாவுக்குத் தெல்கெர் ஆற்றின் அக்கரை ஊரில் மருத்துவமனை ஜீப் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. அவள் புருஷன், கிழவரின் மகன் லுவ்சானுக்கும் அங்கேயே பள்ளிக்கூடக் கொதிகலனில் வேலை. குழந்தை மட்டும் இக்கரையில் தாத்தாவோடு. ஓய்வு நாளில் அங்கிர்மா வருவாள். மகளின் உச்சந்தலையை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள், போய்விடுவாள். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் கேட்டால், வண்டியில் ஏற்றமாட்டேன் என்று கிழவர் தீர்த்துச் சொல்லிவிடுவார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. முன்பொரு கோடையில் மேட்டுச் சரிவில் உருண்ட ஒரு வண்டியிலிருந்து, தாயின் மடியை விட்டுத் தெறித்த குழந்தையைப் புல்லிலிருந்து தூக்கியவர் அவர்தான். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அதற்கும் முன்னால், லாரி ஓட்டிய இளவயதில், ஆற்றின் பனிக்கட்டி உடைந்து லாரியோடு உள்ளே போயிருக்கிறார். கதவைத் திறந்து வைத்து ஓட்டியதால் உயிரோடு வந்தார். இப்போதும் ஒரு பழைய லாரி வைத்திருக்கிறார், பேத்தியை மட்டும் அதில் ஏற்றியதில்லை. ஆகவே குழந்தையை மடியில் வைத்தாலும் அவருக்குப் பயம், கட்டிவைத்தாலும் பயம்.

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகை கழிந்ததும் அங்கிர்மா நகரத்துச் சந்தையிலிருந்து குழந்தை சீட் ஒன்றைக் கொண்டுவந்தாள். கிழவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒட்டகத்தில் பானை சட்டி கட்டுவதற்குக்கூட இத்தனை வார் தேவைப்படாது என்றார். அந்தக் காலத்தில் இடம் பெயரும்போது உங்களையும் பெட்டியில் வைத்து ஒட்டகத்தில்தானே கட்டினார்கள் என்று இவள் கேட்டாளாம். ஒட்டகம் தண்ணீரில் முழுகாது என்றாராம் அவர்.

"கட்டிப் போட்டுட்டு ஆத்து நடுவுல பனி உடைஞ்சா, யாரு அவுப்பா?"

"பனி மேல கட்டமாட்டேன்பா. அங்க நீங்க சொல்றதுதான். கரை ஏறினப்புறம் நான் சொல்றது."

அதற்கு அவர் மூக்குப்பொடிக் குப்பியை எடுத்தார் என்று அங்கிர்மா சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது, கிழவர் கொஞ்சம் இறங்கிவிட்டார். கடைசியில் இப்படி முடிந்தது. ஒரே ஒரு பயணம், அவரும் கூட வருவார். அவருக்கு மனம் ஒப்பினால் இவேல் அக்கரையில் அம்மாவோடு இருக்கலாம். ஒப்பாவிட்டால், பள்ளிக்கூட வயது வரும்வரை அங்கிர்மா வாயைத் திறக்கக் கூடாது. எனக்குப் பல் வலி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். நானும் ஏறிக்கொள்கிறேன் என்றேன். வேடிக்கை பார்க்கும் ஆசையும் இல்லாமல் இல்லை.

புறப்படும் காலையில் ஜீப்பின் பின்சீட்டில் இடப்பக்கம் அந்தச் சீட்டை வைத்துக் கட்டினாள். அதன் அடியில் கிழவர் மடித்துப் போட்டிருந்த கம்பளி விரிப்பை உருவி என்னிடம் கொடுத்தாள். குழந்தைக்குக் குளிருமே என்று போட்டேன் என்றார். மெத்தென்று எது அடியில் இருந்தாலும் அமுங்கும், அமுங்கினால் பெல்ட் தொளதொளக்கும் என்றாள். பிறகு சீட்டில் முழங்காலை ஊன்றி, உடம்பு எடை முழுவதையும் அதில் போட்டு, வண்டியின் பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். சீட்டின் தலைமாட்டிலிருந்து வரும் பட்டையைப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டி இறுக்கினாள். பெல்ட் ஓடும் இடத்தில் பிடித்து உலுக்கினாள். சீட்டோடு சேர்ந்து ஜீப் ஆடியது, சீட் தனியாக ஆடவில்லை. கிழவரும் வந்து உலுக்கிப் பார்த்தார். இரண்டு முறை.

"ஒருதடவ அடிபட்டா இந்தச் சீட்ட மறுபடி உபயோகிக்கக் கூடாதுப்பா. வெளியில பாத்தா நல்லாத்தான் இருக்கும், உள்ள விரிசல் விட்டிருக்கும்" என்றாள், பட்டை நுனியைச் செருகிக்கொண்டே.

"அது சரி. கெளம்பறப்ப அடிபடறதப் பத்திப் பேசாம வண்டிய எடு" என்றார் அவர்.

பயணம் நல்லபடி முடியட்டும் என்று நான் நான்கு சக்கரங்களிலும் பால் தெளித்தேன். ஜீப் ஆற்றங்கரைக்கு இறங்கியது.

அங்கே ஆட்சி மாறியது. தாம்தின் அண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பனிக்கட்டி மேல் நடந்தார். குத்துவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், நகர்ந்து மறுபடி குத்துவார். வெளுத்த பனியைத் தொடவேயில்லை, நீலமாகக் கிடந்த பக்கமாகவே சுற்றிக்கொண்டு போனார். முந்தின வாரம் லாரி போன தடம் நேராக, பளபளவென்று அக்கரைவரை கிடந்தது. அதில் போகக் கூடாது என்றார், அடியில் தண்ணீர் வேகம் எடுத்திருக்கிறது. அங்கிர்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து, கதவுகளைத் திறந்து வை, பெல்ட்டை அவிழ், கண்ணாடியை இறக்கு, நிற்காதே, விரட்டாதே என்றார். சரிப்பா, சரிப்பா என்று ஒவ்வொன்றாகச் செய்தாள்.

இவேலைத் தன் அங்கிக்குள் மார்போடு போட்டு இடுப்புக் கச்சையை இறுக்கிக்கொண்டு கிழவர் முன்னே நடந்தார். நான் வெகு தள்ளி நடந்தேன். எங்களுக்குப் பக்கவாட்டில், அவர் கடப்பாரையால் குத்திப் பார்த்த வழியில், ஜீப் தனியாக வந்தது. அங்கிர்மா ஓட்டுவதைப் பார்க்கவேண்டும். தாழ்ந்த கியரில் போட்டுவிட்டு, கால் இருப்பதையே மறந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். வேகம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நடுவில் பனிக்கட்டி நீளமாக முனகியது. அப்போதும் எஞ்சின் சத்தத்தில் மாற்றமில்லை. கரை ஏறியதும் கிழவர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார், மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினார். மருமகளுக்குப் பொடிக்குப்பி நீட்டும் மாமனாரை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, மூடியை முகர்ந்து, திருப்பிக் கொடுத்தாள்.

அந்த உற்சாகத்தில்தானோ என்னவோ, இவேலைச் சீட்டில் வைக்க அவரே போனார். வெளியே மூச்சு உறையும் குளிர். குழந்தைக்கு ஆட்டுக்குட்டித் தோல் அங்கி, கழுத்துவரை பொத்தான். அப்படியே உட்கார வைத்து, இரண்டு தோளுக்கும் வாரைப் போட்டு, கொக்கியைப் பூட்டி, இழுத்து இறுக்கினார். இப்ப நான் சொல்றபடிதானே எல்லாம் என்று அவள் ஆரம்பிப்பதற்குள், பார், நீ சொன்னபடியே கட்டிவிட்டேன் என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. இதை விட்டுவிடேன் என்று மனதுக்குள் அவளிடம் கெஞ்சினேன்.

அவள் விடவில்லை. "நல்லாக் கட்டியிருக்கீங்கப்பா. ஒண்ணே ஒண்ணு பாத்துடலாம்."

வாரின் நீளத்தைத் தொடாமல் கொக்கியை மட்டும் விடுவித்தாள். குழந்தையைத் தூக்கி அங்கியைக் கழற்றினாள். உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை. மறுபடி உட்கார வைத்து அதே வாரை அதே நீளத்தில் பூட்டினாள். வார் குழந்தையின் மார்பிலிருந்து விலகித் தொங்கியது. கிழவரின் கையைப் பிடித்து அந்த இடைவெளியில் வைத்தாள். அவருடைய முஷ்டி முழுதாக உள்ளே போனது. இவேலுக்குக் கூசியது, சிரித்தாள்.

"இந்த இடம் பூராவும் தோல் இருந்த இடம்பா. மோதினா அது நசுங்கிடும். அப்புறம் புள்ள மேல வாரே இல்ல."

கிழவர் கையை எடுக்கவில்லை. உள்ளேயே விரித்தார், மூடினார். குளிரில் குழந்தையின் அங்கியைக் கழற்றச் சொல்கிறாளே என்று கத்தப் போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"சேணம் கட்டறப்ப குதிர வயித்த உப்பிக்குமே, அது மாதிரி."

"ஆமாப்பா."

"நம்பிக் கட்டிட்டு ஏறினா, மூச்சு விட்டதும் சேணம் சுத்திக்கிட்டு வயித்துக்கு வந்துடும்."

"ஆமா."

"சரி. இறுக்கு."

இரண்டு விரலால் கிள்ளினாலும் மடிப்பு விழாத அளவுக்கு வாரை இறுக்கினாள். அங்கியை முன்பக்கமாகப் போர்த்தி, கைகளை மட்டும் அதன் கைகளுக்குள் நுழைத்துவிட்டாள். வண்டிக்குள் சூடு வந்திருந்தது. பிறகு எங்கள் பெல்ட்டுகள். முன்சீட்டில் உட்கார்ந்த கிழவர், எனக்கெதற்கு, நான் பானை சட்டியா என்றார். நீங்கள் பூட்டினால்தான் வண்டி நகரும் என்று எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வீணாகிறது என்று திட்டிக்கொண்டே பூட்டினார்.

அந்தக் கரையில் பாதை மேட்டின் விலாவை ஒட்டிப் போகும். மேட்டைத் தாண்டினால் ஊர். காற்று பனியை வாரி எல்லாப் பள்ளத்தையும் ஒரே மட்டமாக நிரவியிருந்தது. அங்கிர்மா ஊர்ந்துதான் போனாள். கட்டைவிரலை ஸ்டியரிங்கின் உள்பக்கம் மடிக்காமல், வெளியே வைத்துப் பிடித்திருந்தாள். சக்கரம் கல்லில் மோதித் திரும்பினால் விரல் முறியும் என்பாள். சந்தேகம் வந்த இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். மூன்றாவது இடத்தில் சந்தேகப்பட எதுவுமே இல்லை. இடப்பக்கச் சக்கரங்களின் கீழ் பனி அப்படியே உட்கார்ந்தது.

அவள் ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் வெட்டவில்லை, சரிவை நோக்கித் திருப்பினாள். அப்படித்தான் திருப்பவேண்டும். ஆனால் திரும்ப நிலம் இருக்கவில்லை. "எல்லாரும் கைய உள்ள வைங்க" என்றாள், தேநீர் ஊற்றும்போது பேசுகிற குரலில். ஜீப் இடப்பக்கம் விழுந்தது. கண்ணாடி உடைந்தது. கூரை மேல் ஒரு கணம் யோசித்தது. பிறகு இன்னும் ஒரு புரட்டு புரண்டு, வலப்பக்கமாகப் படுத்து நின்றுவிட்டது.

எஞ்சின் அணைந்த பிறகுதான் எவ்வளவு சத்தம் போட்டிருக்கிறது என்று தெரிந்தது. நான் அடியில் கிடந்தேன். எனக்கு மேலே, வானத்துப் பக்கம் இருந்த சீட்டில் இவேல் வார்களில் தொங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் கிழவரும் அவர் பெல்ட்டில் தொங்கினார். அங்கிர்மா மகளின் பெயரைச் சொன்னாள். பதில் இல்லை. இரண்டாம் முறை சொன்னாள், அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

குழந்தை எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தாத்தா, உங்க தொப்பி எங்க?"

தாம்தின் அண்ணன் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. முதுகு குலுங்கியது. நான் கொக்கியை அவிழ்க்கக் கை நீட்டினேன். "அக்கா, முதல்ல புள்ளையத் தாங்குங்க, கொக்கி அப்புறம்" என்று அங்கிர்மா தடுத்தாள். வலக் கதவின் மேலேயே எழுந்து நின்று குழந்தையின் எடையைத் தோளில் வாங்கினேன். அவள் எட்டிக் கொக்கியைத் தட்டினாள். இவேல் என் கழுத்தில் வந்து விழுந்தாள். தோள்களில் வார் அழுத்திய சிவப்புக் கோடுகள் தவிர ஒன்றுமில்லை. எனக்கு வலித்த பல்லே விழுந்துவிட்டது, அது வேறு கதை.

பின்கதவு வழியே வெளியே வந்து, கம்பளி விரிப்பில் குழந்தையைச் சுற்றினோம். அங்கியைத் தேடினால் வண்டிக்குள் இல்லை. கிழவர்தான் முதலில் பார்த்தார். சரிவில் மேலே, ஜீப் முதலில் விழுந்த இடத்தருகே, உடைந்த கண்ணாடி வழியாகப் போன அந்தச் சின்னத் தோல் அங்கி, கைகளை விரித்துக்கொண்டு பனியில் குப்புறக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் ஜீப் புரண்டிருந்தது. ஒரு கை ஜீப்பின் கூரை அழுத்திய தடத்துக்குள் புதைந்திருந்தது.

அவர் ஏறிப் போனார். அதன் பக்கத்தில் மண்டியிட்டார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தவர்தான். ஆனாலும் மெதுவாகத் திருப்பி, உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். காலரை முகர்ந்தார். வெகுநேரம் கழித்து இறங்கி வந்து, பனியைத் தட்டி, பேத்திக்கு மாட்டிவிட்டுப் பொத்தான்களைப் போட்டார்.

அங்கிர்மா ஜீப்பைப் பார்த்தபடி நின்றாள். "கேக்கமாட்டேன்பா. பேசினபடி, பள்ளிக்கூட வயசு வரைக்கும் கேக்கமாட்டேன்."

"என்னத்தக் கேக்கமாட்ட?"

"புள்ளைய."

"சீட்டு அடிபட்டுடுச்சு. வேற வாங்கணும்னு நீதானே சொன்ன?" என்றார் கிழவர். "ரெண்டா வாங்கு. ஒண்ணு என் லாரிக்கு. கோடைக்கு நான் வந்து கூட்டிட்டுப் போகவேணாமா?"

அவள் திரும்பவில்லை. கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மேட்டுக்கு அந்தப்புறத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் லாரியில், ஒருவர் குதிரையில். ஜீப்பை நிமிர்த்துவதற்குள் குழந்தையை லாரியில் ஏற்றி அனுப்பலாம், மடியில் வைத்துக்கொண்டால் போயிற்று, ஊர் இதோ இருக்கிறது என்றார் லாரிக்காரர். மடிக்கு வார் இல்லை என்றார் தாம்தின் அண்ணன். லாரிக்காரர் என்னைப் பார்த்தார். பெரியவருக்குத் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். தொப்பிதான் போயிற்று என்றேன்.

குதிரையை இரவல் வாங்கினார். அதை ஓட விடமாட்டேன், மெதுநடையிலேயே போவேன் என்றார், இவேல் முன்னால், அவர் அங்கிக்குள். அங்கிர்மா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க நின்றாள். கிழவர் சேணத்தின் அடிவாரை இழுத்துக் கட்டினார். ஏறவில்லை. குதிரையின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். குதிரையும் காத்திருந்தது. கடைசியில் அது நீளமாக மூச்சை விட்டது. அவர் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கிவிட்டு, குழந்தையை வாங்கக் கை நீட்டினார்.