ஏழாம் நம்பர்

செத்துக் கிடந்த அண்ணன் கண்ணாயிரத்தின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான் ஜெகதீசன். வாசலில் கார் நின்றது. கம்பெனி முதலாளி நிதின் இறங்கி வந்து மாலையைப் போட்டான். கும்பிட்ட கை கீழே வருவதற்குள் வாய் திறந்துவிட்டது.

"ஜெகா, அண்ணனோட நம்பர் பஞ்ச் எங்க?"

"இன்னாத்துக்கு சார்?"

"கீழ் மூலை வெல்டு இன்னும் லீக் ஆகுது. புதன்கிழமை வெளிநாட்டுக்காரங்க வராங்க. யார் வெல்டுன்னு கேப்பாங்கல்ல?"

பூஞ்சேரிக் கொட்டகையில் நிதின் கம்பெனிக்காரர்கள் சூரியனைச் செய்கிறார்களாம். அணுவோடு அணுவை ஒட்டவைத்து ஊருக்கெல்லாம் கரண்டு கொடுப்பார்களாம். அதற்குக் காற்று நுழையாத ஓர் அண்டா வேண்டும். இரண்டு வருஷமாக ஹீலியம் அடித்துச் சோதிக்கிறார்கள், எங்கோ ஓட்டை என்று மெஷின் கத்திக்கொண்டேயிருக்கிறது. கண்ணாயிரம் வரைபடத்தைப் பார்த்த அன்றைக்கே சொன்னான்: "சூரியனுக்கு எடம் வுட்டீங்க, கீழ் மூலையில என் கை பூர எடம் வுடலியே சார்." படித்தவர்கள் சிரித்தார்கள். வேறு ஆளைக் கூட்டிவந்து மூலையை ஏனோதானோவென்று ஒட்டவைத்தார்கள்.

தான் போட்ட வெல்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஏழு என்று குத்துவான் கண்ணாயிரம். ஏழு இருந்தால் அவன் பொறுப்பு. அந்த மூலையிலும் குத்தச் சொன்னபோது பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். மறுநாள், புதுப்பட்டினம் டீக்கடையில் கிளாசோடு சாய்ந்தான். மாரடைப்பு.

"அவர் நம்பர் இருந்தா அவருக்கும் பெருமைதானே," என்றான் நிதின்.

தலைமாட்டிலிருந்த அண்ணி பார்வதம் நிமிர்ந்தாள். "உசிரோட இருந்தப்ப 'ஏய் வெல்டரு'. இப்பதான் பெருமையா?"

நிதின் போனைப் பார்த்தான்.

குளிப்பாட்டும்போது சட்டைப்பையில் கிடைத்த பஞ்ச் ஜெகதீசன் மடியில் இருந்தது. விரல் நீள எஃகு, நுனியில் ஏழு.

"தேடிப் பாக்கறேன் சார். குழி வரிக்கும் வந்துட்டுப் போங்க."

கோடித்துணியைச் சரிசெய்வதுபோல் குனிந்து, விறைத்த கைகளுக்கடியில் அதைச் செருகினான். அண்ணி பார்த்தாள். துணியை இழுத்து மூடினாள்.

இடுகாட்டில் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். நிதின் நகத்தில் ஒட்டாமல் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினான். பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான்.

"கெடைச்சுதா?"

"இங்கதான் சார் எங்கியோ கீது. நல்லா அள்ளிப் போடுங்க."

நிதின் போனைப் பையில் வைத்தான். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான்.