பூசினாற்போல ஒரு முகம்

அப்பாவின் காலை விரலால் அழுத்தினால் குழி விழும். அது நிரம்ப வெகு நேரமாகும். எழுபத்தெட்டாம் வருஷம் வில்லியனூர் பக்கத்து எங்கள் ஊரில் எனக்கு அதுதான் வேலை. மில்லில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். காலையில் அவர் காலை அழுத்திப் பார்த்து இரண்டு மாத்திரை கொடுப்பேன். ஒன்று இருதயம் நிதானமாக அடிக்க. மற்றது உடம்பில் தேங்கிய நீரை இறக்க. அதை வீட்டில் மூத்திர மாத்திரை என்போம். போட்ட அரை மணியிலிருந்து மதியம் வரை அவர் கட்டிலுக்கும் வேலிக்குமாக நடப்பார். கக்கூஸ் கிடையாது.

"நிறுத்தினா தண்ணி நெஞ்சுக்கு ஏறிடும்" என்று டாக்டர் எங்கள் எல்லார் எதிரிலும்தான் சொல்லியிருந்தார்.

தங்கை செலின் மேரிக்குப் பூ வைக்க, ஞாயிற்றுக்கிழமை கரிக்கலாம்பாக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அம்மாவின் தம்பி கில்பர்ட் மாமா வியாழக்கிழமையே வந்து அப்பாவிடம் சட்டம் பேசினார்.

"மாமா, சம்பந்திங்க எதுர்ல பத்து வாட்டி எழுந்து வேலிக்கு ஓடுவீங்களா? இன்னா வியாதின்னு கேட்டா இன்னா சொல்றது? வியாதிக்காரன் வூட்ல எவன் பொண்ணு எடுப்பான்?"

"நாலு நாளுதானே," என்றாள் அம்மா.

"டாக்டர் சொன்னது காதுல உழுந்துதா இல்லியா?" என்றேன்.

"வேலைய உட்டுட்டு வந்து குந்திக்கினு இருக்கறவன் பேசாதடா," என்றார் மாமா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வோணாம்டா. எட்த்து வையி."

மூத்திர மாத்திரையை எடுத்து வைத்தேன்.

ஞாயிறன்று புது வேட்டியால் பாதங்களை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்னம் உப்பி, கண் சிறுத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அன்னாமேரி அவரையே பார்த்தாள்.

"அண்ணன் போன தடவ ஒட்டி ஒலந்து இருந்தாரு. இப்ப பூசினாப்பல நல்லா இருக்கறாரு."

"எல்லாம் எங்க அக்கா சமையலு," என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே. கறிக்குழம்பு, கருவாடு, அப்பளம். உப்பே ஆகாதவர் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றார். பரிமாறியவன் நான்.

திங்கள் காலை அவரால் படுக்க முடியவில்லை. நெஞ்சுக்குள் கொழகொழவென்று சத்தம். ரோஸ் நிறத்தில் நுரை தள்ளியது. வாடகைக் கார் பிடித்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டதும் தகர மூத்திரச் சட்டி நிறைந்தது, மறுபடி நிறைந்தது. நாலு நாளாக வேலியோரம் போயிருக்க வேண்டியது. நான்தான் சுமந்து கொட்டினேன். அதில் எனக்கு அருவருப்பு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "கறி ஒத்துக்கல" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தாரே, அதுதான் அருவருப்பாக இருந்தது. அதை மறுக்காமல் நின்ற நானும்தான்.

மூன்றாம் நாள் அப்பாவுக்குப் பேச்சு வந்தது. முகம் மறுபடி ஒட்டிப்போயிருந்தது.

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடு. அந்தம்மா சொல்லுச்சே, மூஞ்சி நல்லா இருக்குதுன்னு."

"சரிப்பா," என்றேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாத்திரையை நுணுக்கி அவர் காப்பியில் கலக்க ஆரம்பித்தேன்.

"நிறுத்திட்டியாடா? இன்னும் வருதே."

"உள்ள தேங்கனது போவுதுப்பா."

நம்பினார். கல்யாணத்தன்று காலையிலும் கொடுத்தேன். பூசையின் நடுவில் நாலு முறை எழுந்து மாதா கோயிலுக்குப் பின்னால் ஓடினார். தாலி கட்டும்போது அவர் இடம் காலியாக இருந்தது. கரிக்கலாம்பாக்கத்தார் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணனுக்கு இன்னா, சக்கர வியாதியா?" என்றாள் அன்னாமேரி. அவ்வளவுதான். கல்யாணம் நிற்கவில்லை.

அப்பா நனைந்த வேட்டியோடு திரும்பி வந்து என்னையே பார்த்தார். காப்பி டம்ளர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் என் கையால் எதையும் வாங்கவில்லை. மாத்திரையை அம்மாதான் கொடுத்தாள், ஞாபகம் இருந்த நாட்களில்.