இரண்டாம் கியர்

வால்பாறையிலிருந்து இறங்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இருபத்து மூன்றாவதில் கருகல் நாற்றம் வந்தது. ரூத் பிரேக்கை இன்னும் அழுத்தினாள். பஞ்சை மிதித்ததுபோல் அது உள்ளே போனது. கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் உரசி வண்டியை நிறுத்தினாள்.

"பஸ்ஸுலயே போயிருக்கலாம்மா" என்றாள், பக்கத்தில் கல்லூரிப் பையை மார்போடு அணைத்திருந்த மகள் ரெபேக்கா.

பதினொரு மாதங்களுக்கு முன் கணவன் அமிர்தராஜுக்கு நெஞ்சு வலித்தபோது இதே கார் எஸ்டேட் வீட்டு வாசலில்தான் நின்றது. நர்சான ரூத்துக்கு அவனுக்குள் என்ன நடக்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் தெரிந்தது. கார் ஓட்டத்தான் தெரியவில்லை. ஓட்டத் தெரிந்த ஆள் வர நாற்பது நிமிடமானது; அதற்குள் உயிர் போய்விட்டது. பிறகுதான் பொள்ளாச்சியின் சமதளச் சாலையில் கற்றுக்கொண்டாள். கோவை விடுதியிலிருந்து மகள் கூப்பிட்டால் யாருக்கும் காத்திராமல் இறங்கிப் போக வேண்டும்.

ஏறிவந்த பஸ்ஸின் ஓட்டுநர் பக்கத்தில் நிறுத்தித் தலையை நீட்டினார். "ஏனுங்க அம்மணி, பிரேக்குல தோச சுடறீங்களா?"

சிரித்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார். பிரேக் குழாயில் இருப்பது எண்ணெய். எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் காலின் விசை அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. விடாமல் மிதித்தால் சூடேறி எண்ணெய் கொதிக்கும், குமிழி வரும். குமிழி சுருங்கும். மிதித்த விசையெல்லாம் அதிலேயே போய்விடும். அரை மணி நேரம் ஆற விட வேண்டும்.

"அப்பறம் ஏறுற கியர்லயே எறங்கோணுமுங்க. எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். பிரேக்க அப்பப்ப தொட்டு உட்டுப்போடுங்க."

அமிர்தராஜ் மலையிறங்க ஓட்டும்போதெல்லாம் எஞ்சின் முனகும். ஏன் இப்படி எஞ்சினை முனக வைக்கிறீர்கள் என்று அவள் கடிந்ததுண்டு. ஒரு முறைகூடக் காரணம் கேட்டதில்லை.

அரை மணி கழித்து மிதித்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. அப்போது பொள்ளாச்சி போகும் பஸ் வளைவில் திரும்பியது. ரெபேக்கா கதவைத் திறந்து கை காட்டினாள். இடம் இருப்பதாக நடத்துநர் சொன்னார்.

"போறதுன்னா போ கண்ணு. நா பின்னாலயே வாரேன்."

"தனியா எறக்கிருவியா?"

ரூத் ஆமாம் என்று சொல்ல நினைத்தாள். "தெரியல" என்றாள்.

 ரெபேக்கா பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு உள்ளே வந்து பெல்ட்டை மாட்டினாள்.

இரண்டாம் கியரில் எஞ்சின் முனகியது. மூடுபனிக்குள் அடுத்த வளைவின் எண் இன்னும் தெரியவில்லை. கீழே எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. ரூத் பிரேக்கைத் தொட்டு விட்டாள். பக்கத்தில், பிரேக்கே இல்லாத இடத்தில், மகளின் வலது காலும் வண்டியின் தரையை அழுத்தி, எழுந்து, மறுபடி அழுத்தியது.