ஐந்து பத்தியில் பெண் கேட்டவன்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் வகுப்பறைக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. தட்டியவர் ஸுப்ஹி, எகிப்தின் துமியாத் நகரில் நாற்காலிகளுக்கு வார்னிஷ் அடிப்பவர், என் மாணவன் வஜ்தியின் தாய்மாமன். வகுப்பு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்:

"எங்க அக்கா மகன் வாழ்க்கையைக் கெடுத்தது நீங்கதானே, மிஸ்?"

நான் யார் வாழ்க்கையையும் கெடுக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கான தேர்வுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்து என் தலை நரைத்ததே அதில்தான்.

(நல்ல தொடக்கம்தான். ஆனால் என் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் கிழித்திருப்பேன். என்ன சொல்லப்போகிறாய் என்பதை முதல் வரியிலேயே ஏன் சொல்லவில்லை?)

சொல்லிவிடுகிறேன். பல் செட் செய்யும் வஜ்தி, நிவீனைப் பெண் கேட்கப் போய் வாயால் கெட்ட கதை இது. போதுமா?

2

நான் சொல்லிக்கொடுப்பது இரண்டே விஷயம். வாக்கியத்தோடு வாக்கியம் கைகோத்து நிற்பது பிணைப்பு. எல்லா வாக்கியமும் சேர்ந்து ஒரே ஊருக்குப் போய்ச் சேர்வது கோர்வை. முதலாவதைக் கடையில் வாங்கலாம். 'மேலும்', 'ஆகவே', 'எனினும்' என்று பை நிறையக் கிடைக்கும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதனால் எல்லோரும் முதலாவதையே வாங்குகிறார்கள்.

ஒருவன் எழுதினான்: 'என் மாமாவிடம் ஒரு படகு உள்ளது. மேலும், படகு மரத்தால் ஆனது. ஆகவே காடுகளைக் காக்க வேண்டும். எனினும், என் மாமாவுக்குச் சர்க்கரை நோய்.' தேர்வில் அவனுக்கு நல்ல மதிப்பெண். இப்போது ஏதோ ஒரு குளிர் நாட்டில் சௌக்கியமாக இருக்கிறான்.

வஜ்தி அப்படிப்பட்டவன் இல்லை. அவன் கோர்வையை நம்பினான். முன்னுரை, காரணங்கள், எதிர்வாதம், மறுப்பு, முடிவுரை என்று ஐந்து பத்தி. அந்த ஐந்தில் உலகத்தையே அடக்கிவிடலாம் என்று நினைத்தான். (நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதி அடித்துவிட்டேன்.)

நிவீனும் அதே வகுப்பு. அவனைவிட நன்றாக எழுதுவாள். இருவரும் பழகியது என் பெஞ்சில்தான். அந்தப் புண்ணியத்தை மட்டும் யாரும் என் கணக்கில் எழுதவில்லை.

3

அன்று மாலை நைல் நதியில் பொன்னிற வெயில்...

வேண்டாம். நைலைப் போட்டால் சுற்றுலா விளம்பரம் ஆகிவிடும். நேராக ஹாஜி மக்சூத் வீட்டுக் கூடத்துக்கே போவோம். நிவீனின் அப்பா. மீன் ஏலம் விடுபவர். எடுத்த எடுப்பில் விலை சொல்லும் ஆளை நம்பாதவர்.

பெண் கேட்கப் போனால் பெண்ணைப் பற்றிப் பேசக்கூடாது. உடம்பு எப்படி, தொழில் எப்படி என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வாசலுக்கு வர வேண்டும். அதைப் பெரியவர் ஒருவர்தான் பேச வேண்டும். ஸுப்ஹி அதில் கில்லாடி.

"நீங்க வந்ததே வீட்டுக்கு வெளிச்சம்," என்றார் ஹாஜி.

"உங்க வெளிச்சம்தான் ஹாஜி, எங்களுது எங்க? மத்தி வரத்து எப்படி?"

"கேக்காதீங்க. கடல்ல மீனைவிட வலை ஜாஸ்தி."

"அதேதான் ஹாஜி, எங்க மச்சானும் அப்படித்தான் சொன்னார். அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சே..."

முட்டியிலிருந்து மருத்துவருக்கு, மருத்துவரிடமிருந்து அவர் மகனின் கல்யாணத்துக்கு. ஒரு இணைப்புச் சொல் இல்லை. ஆனால் வண்டி தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு வளைவுதான். சமையலறையில் நிவீன், சம்மதம் சொன்னதும் கொடுக்க வேண்டிய ரோஜா ஷர்பத்தைக் கோப்பைகளில் ஊற்றத் தொடங்கிவிட்டாள்.

வஜ்திக்குப் பொறுக்கவில்லை. "மாமா, விஷயத்துக்கு வாங்க," என்று எழுந்து நின்றான்.

4

"நிவீனை எனக்குக் கட்டிக்குடுக்கணும்னு கேக்க வந்திருக்கேன். அதுக்கு மூணு காரணம். முதலாவது, எனக்கு நிலையான வேலை. ரெண்டாவது, எங்கம்மா வீட்டு மாடியில ஃபிளாட் ரெடி. மூணாவது, எனக்கு அவங்களைப் புடிச்சிருக்கு."

"உக்காந்து பேசேன்ப்பா," என்றார் ஹாஜி. "அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்குது."

உட்காரவில்லை. எதிர்வாதம் பாக்கி இருந்தது. எதிர்வாதம் இல்லாத கட்டுரை பாதி மதிப்பெண்தான் வாங்கும்.*

"மறுபக்கம், நிவீனுக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயதார்த்தம் ஆகி நின்னு போச்சு, அப்படிப்பட்ட பொண்ணைக் கட்டலாமான்னு சில பேர் கேக்கலாம்."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். எதிர்வாதத்துக்கும் மறுப்புக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

அந்த இடைவெளியில் ஹாஜி எழுந்துவிட்டார்.

* இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

5

அந்த முறிந்த நிச்சயதார்த்தத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. நிவீனின் அம்மா அந்த நிச்சயதார்த்தப் புடவை... (அங்கே ஏது புடவை? எழுதும் கை பழக்கத்தில் போகிறது.) அந்த நீல நிற உடுப்பை அம்மா அலமாரியின் அடியில் வைத்துவிட்டாள். அத்தனை ஜாக்கிரதையாக மூடி வைத்ததை இவன் நடுக்கூடத்தில் திறந்துவிட்டான். எனக்கே வலிக்கிறது.

"என் வீட்டுல நின்னுக்கிட்டு, என் பொண்ணைப் பத்திச் 'சில பேர்' பேசறதை நான் கேக்கணுமா? ஸுப்ஹி, கூட்டிட்டுப் போ இவனை."

"ஹாஜி, பையன் நல்லவன். இங்கிலீஷ் படிச்சதுலதான் கொஞ்சம்..."

"கிளம்பு."

ஸுப்ஹி என்னிடம் சொன்னது: "அவன் கோட்டைப் புடிச்சு இழுக்கறேன் மிஸ். 'இன்னும் ரெண்டு பத்தி இருக்கு மாமா'ங்கறான்!"

அப்போது நிவீன் வெளியே வந்தாள். கையில் தட்டு இல்லை.

"அப்பா, ஒரு நிமிஷம். அவர் இன்னும் முடிக்கல."

"இன்னும் என்ன மிச்சம் வெச்சிருக்கான்?"

அவளுக்குத் தெரியும். அந்த வரிக்குப் பின்னால் இன்னொரு வரி வந்தே தீர வேண்டும். வராவிட்டால் அந்த 'சில பேர்' இவன்தான். அந்தக் கூடத்தில் இது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"அடுத்த வரியைச் சொல்லு," என்றாள் வஜ்தியிடம்.

அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்தது, 'ஆனால் இக்கருத்து ஏற்கத்தக்கதல்ல.' அவள் கண்ணைப் பார்த்ததும் அது பறந்துபோய்விட்டது. பிறகு மெதுவாக ஏதோ சொன்னான். பக்கத்தில் நின்ற அவளுக்கு மட்டும்தான் கேட்டது. ஸுப்ஹி அதற்குள் மாடிப்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து நேராக என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார்.

6

எனவே என்னிடம் முடிவு இல்லை. மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஹாஜி சிரித்துவிடுகிறார் (சினிமா). ஒன்றில் வஜ்தி குளிர் நாட்டுக்குப் போய்விடுகிறான் (படகுக்காரன் ஏற்கெனவே போய்விட்டான்). மூன்றாவதில் அவன் சொன்ன வரி நான் எழுதியது. இலக்கணம் சுத்தம், உயிர் இல்லை.

அடுத்த வகுப்புக்கு நிவீன் மட்டும் வந்தாள். விரலில் மோதிரம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னதான் சொன்னான், நிவீன்? கதைக்கு வேணும்."

"அது எனக்குச் சொன்னது, மிஸ். உங்க கதைக்கு இல்ல."

வாதாட வாய் திறந்தேன். என் பையில் இருந்த ஒரு இணைப்புச் சொல்லும் உதவவில்லை.

ஆகவே (இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்) கடைசிப் பத்தி காலியாக இருக்கிறது. வஜ்தி சொன்ன அந்த வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மதிப்பெண் நான் போடப் போவதில்லை. நிவீன் எதிரில் நின்று கேட்கிறாள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.