இரண்டாவது ஆளின் எடை

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் லேன் குசெராவுக்கு அரை ஆப்பிள், வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்ளக் கொஞ்சம் ஐஸ் துண்டு. அவ்வளவுதான் சாப்பாடு. சேர்ந்த வருடத்திலிருந்தே இதே கதை. மறுநாள் மல்யுத்த விரிப்பில் இறங்கப் போகிறவன் பட்டினி கிடந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. லேன் இறங்கியதே இல்லை. அயோவாவின் அந்தப் பல்கலைக்கழக அணியில், நூற்று நாற்பத்தொன்பது பவுண்டு பிரிவுக்கு அவன் இரண்டாவது ஆள். முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்தாலோ கணுக்கால் பிசகினாலோ இறங்குவதற்கு எடை சரியாக உள்ள ஒருவன் வேண்டுமே, அதற்காகத்தான் அவன். ஆனால் அந்தப் பிரிவின் முதல் ஆட்களுக்கு ஒரு தும்மல்கூட வந்து தொலைக்கவில்லை. அயோவாக்காரர்களின் ஆரோக்கியத்தைப் பற்றி என்னத்தைச் சொல்வது!

இதற்காக அவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. உதவித்தொகை கிடையாது. படிப்புச் செலவுக்குப் பீட்சா கடையில் மாவு பிசைந்தான். ஊர் ஊராகப் பால் லாரி ஓட்டும் அப்பாவும், அம்மாவும், பல்கலைக்கழக அரங்கில் நடக்கும் ஒவ்வொரு போட்டிக்கும் பனியில் காரோட்டி வந்து மேல் வரிசையில் உட்காருவார்கள். மகன் இறங்காத போட்டிகளுக்குத்தான். அம்மா யார் ஜெயித்தாலும் கைதட்டுவாள், எதிரணி ஜெயித்தாலும்கூட. "பாவம், அந்தப் பையனோட அம்மாவும் எங்கேயாவது உட்கார்ந்திருப்பா இல்ல" என்பாள்.

லேனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவர்கள் மேலே உட்கார்ந்திருக்கும்போது, ஒலிபெருக்கியில் தன் பெயரைச் சொல்ல, விரிப்பில் வரைந்த வட்டத்துக்குள் ஒருமுறையாவது இறங்க வேண்டும். ஜெயிப்பது தோற்பது எல்லாம் அப்புறம். இது அவனுக்குக் கடைசி வருடம்.

மல்யுத்தக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் ஆள் யார் என்பதைப் பயிற்சியாளர் சொல்வதில்லை, விரிப்புதான் சொல்லும். சீசன் தொடங்குமுன் ஒரே எடையில் இருக்கும் இருவரும் பயிற்சி அறையில் மோதுவார்கள். பார்வையாளர் கிடையாது, அணி மட்டும் சுவரோரம் நிற்கும். ஜெயித்தவன் முதல் ஆள். அதற்குப் பெயர் இடப்போட்டி. லேன் மூன்று முறை அதில் தோற்றிருக்கிறான். தோற்றான், கைகொடுத்தான், மறுநாள் ஜெயித்தவனுக்கே பயிற்சித் துணையாக நின்று அடி வாங்கினான். வருத்தம் இருந்தது, புகார் இல்லை.

இந்த வருடம்தான் சட்டம் மாறியது. பல்கலைக்கழகமே விளையாட்டுக்காரர்களுக்கு நேரடியாகச் சம்பளம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. கொடுக்கட்டும், தப்பே இல்லை. இத்தனை காலம் பையன்களின் முதுகில் ஏறி டிக்கெட் விற்றவர்கள் இப்போதாவது கொடுக்கிறார்களே. ஆனால் எங்கிருந்து கொடுப்பது? ஃபுட்பால்காரர்களுக்குக் கொடுத்து முடிப்பதற்குள் கஜானா வறண்டுவிட்டது. டென்னிஸ் அணியைக் கலைத்தார்கள். நீச்சல் அணியைக் கலைத்தார்கள், அந்தக் குளத்தில் இப்போது காலை வேளைகளில் பேராசிரியர்கள் மிதக்கிறார்கள். அணிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வந்ததில், ஒவ்வொரு எடைக்கும் மூன்றாவதாக இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். மல்யுத்தம் தப்பித்தது, பழைய மாணவர்கள் சிலர் பணம் போட்டதால். பணம் போட்டவர்களுக்குப் பெரிய பெயர் வேண்டும். அப்படி வந்தவன்தான் ரோக்கோ பெல்லோமோ.

ரோக்கோ நியூ ஜெர்ஸிக்காரன். இரண்டு வருடம் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு விளையாடிப் பதக்கம் வாங்கியவன். அவன் வந்து சேர்வதற்கு முன்பே நெடுஞ்சாலையில் அவன் படம் வந்துவிட்டது. பன்றித் தீவன விளம்பரம். கைகளைக் கட்டிக்கொண்டு ரோக்கோ, பக்கத்தில் அவனைவிடக் கம்பீரமாக ஒரு பன்றி. அவன் அதற்குமுன் பன்றியைத் தட்டில்தான் பார்த்திருப்பான்.

பயிற்சியாளர் ஹால்வர்சன் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பயந்துபோனால் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார். முதல் கூட்டத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நூத்தி நாப்பத்தொம்பதுக்கு இந்த வருஷம் இடப்போட்டி கிடையாது. ரோக்கோதான்."

"ஏன் கோச், பன்னி கோவிச்சுக்குமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

யாரும் சிரிக்கவில்லை. ஹால்வர்சன் கூட்டத்தை முடித்துவிட்டு லேனைத் தனியாக நிறுத்தினார். "நீச்சல்காரங்களுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தே இல்ல. இந்த அறை திறந்திருக்கணும்னா எனக்கு வேற வழி தெரியல. உனக்குப் புரியும்."

"புரியுது கோச்" என்றான் லேன். புரியவில்லை என்று பெரியவர்களிடம் சொல்லும் பழக்கம் அவன் வீட்டில் இல்லை.

அதற்குப் பிறகு அந்த அறையில் ரோக்கோவிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "முதலாளி வர்றார், வழி விடுங்கடா" என்பார்கள். அவன் ஒருநாள் எல்லோருக்கும் பர்கர் வாங்கி வந்தான். சாப்பிட்டார்கள், காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். லேன் மட்டும் நன்றி சொன்னான். தன் இடத்தை எடுத்துக்கொண்டவனுக்குப் பயிற்சித் துணையாக நிற்பதும் அவன் வேலைதானே. தினமும் நின்றான். ரோக்கோவின் பிடியில் வேகம் இருந்தது, உண்மையிலேயே நல்ல மல்லன். அதுதான் லேனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மோதி இவனிடமே தோற்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து ஹால்வர்சன் போனதும், ரோக்கோ அறைக் கதவைச் சாத்திவிட்டு நடுவில் வந்து நின்றான்.

"குசெரா, வா. இடப்போட்டி."

"கோச் கிடையாதுன்னுட்டாரே."

"கோச் கிடக்கட்டும். சின்ன வயசுலேருந்து எந்த அறையிலயும் நான் மோதாம முதல் ஆளா நின்னதில்ல. இங்க என்னைக் கொண்டாந்து அலமாரில வெச்ச பொம்மை மாதிரி வெச்சிருக்காங்க. உங்க யார் மூஞ்சியையும் என்னால பார்க்க முடியல. வாடா, என்னை அடிச்சாவது போடு."

அணி முழுக்கச் சுவரோரம் ஒதுங்கி நின்றது. முழு நேரமும் மோதினார்கள். கேலி இல்லை, சத்தம் இல்லை, மூச்சும் காலடியும் மட்டும் கேட்டன. கடைசி நிமிடம் வரை ரோக்கோவின் கைதான் மேலே. தினம் தினம் அவனோடு உருண்டதில், களைத்துப்போனால் அவன் இடது காலைத்தான் முன்னால் வைப்பான் என்று லேனுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலைப் பிடித்தான். விடவில்லை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தான்.

ரோக்கோ மல்லாந்து கிடந்தபடியே சிரித்தான். "அப்பாடா" என்றான். அன்றைக்குத்தான் மற்றவர்கள் அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை ரோக்கோவே போய் ஹால்வர்சனிடம் சொன்னான். லேன் வாசலில் நின்றான்.

"நான் தோத்துட்டேன் கோச். சனிக்கிழமை அவன்தான் இறங்கணும்."

ஹால்வர்சன் காபிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "நான் பார்க்காத போட்டி நடக்கவே இல்ல. சனிக்கிழமை பணம் போட்டவங்கள்லாம் முன்வரிசைல உட்காரப்போறாங்க. நீதான் இறங்கறே. உன் ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் படி."

வெளியே வந்தபோது ரோக்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். லேன் நிற்காமல் நடந்தான். தோற்று இடத்தை இழந்திருக்கிறான், அது பழகிப்போனது. ஜெயித்து இழப்பது புதிது.

வியாழக்கிழமை உதவிப் பயிற்சியாளர் எல்லோரையும் தராசில் ஏற்றிப் பார்த்தார். லேன் சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தபோது கையாட்டினார். "உன்னுது வேணாம்டா, நேரமாச்சு." அவர் மேல் தப்பில்லை, மனிதர் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். ஆனால் லேனுக்குள் அந்த ஒரு வார்த்தையில் ஏதோ விட்டுப்போயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் ஆப்பிளை எடுக்கவில்லை. ரயில் பாதைக்குப் பக்கத்து உணவகத்துக்குப் போய், டெண்டர்லாயின் சாண்ட்விச் கேட்டான். பன்றி இறைச்சியைத் தட்டி அகலமாக்கி, மாவில் புரட்டிப் பொரித்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்ன ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். இறைச்சி நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சாப்பிட்டான். உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டான். செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை சாப்பிட்டான், மேலே ஐஸ்கிரீம் வைக்கட்டுமா என்று பரிமாறியவள் கேட்டதற்கு, வையுங்கள் என்றான். பொய் சொல்வானேன், அமிர்தமாக இருந்தது. சீசன் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் வயிறு நிறைந்து தூங்கியது அதுதான் முதல் தடவை. யாருக்காக இனிமேல் பட்டினி கிடப்பது என்று கேட்டுக்கொண்டான். கோபம்கூடத் தணிந்துவிட்டது போலிருந்தது.

சனிக்கிழமை, போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால், இரண்டு அணிகளும் எடை பார்க்கும் அறையில் வரிசையாக நின்றன. இலகுவான எடையிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். நடுவர் எண்ணைப் படித்தார். ஒருமுறை ஏறி இறங்கினால் அவ்வளவுதான், ஓடி வியர்த்துவிட்டு வருகிறேன் என்பதெல்லாம் செல்லாது.

ரோக்கோ ஏறினான். நடுவர் எண்ணைப் பார்த்தார், தராசைத் தட்டினார், மறுபடி பார்த்தார்.

"கூட இருக்கு. ஒன்றரை பவுண்டு."

மல்லனுக்கு எடை தவறுவதைவிட அவமானம் வேறில்லை. தோல்வியையாவது மன்னிப்பார்கள். ஹால்வர்சனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"முந்தாநேத்து சரியாத்தானே இருந்தே?"

"இருந்தேன் கோச். காலையில பேன்கேக் சாப்பிட்டேன். நல்லா இருந்துது, இன்னொரு தட்டு வாங்கினேன்."

"வேணும்னே செஞ்சியா?"

"இதுக்கும் ஒப்பந்தத்துல ஏதாவது எழுதியிருப்பாங்க, பிடிச்சுக்கச் சொல்லுங்க." ரோக்கோ தராசிலிருந்து இறங்கி, வரிசையின் கடைசியில் நின்ற லேனைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. "ஏறுடா குசெரா. உன் இடம்."

எல்லோரும் லேனைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோர் முகத்திலும் சந்தோஷம், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டி முன்னால் தள்ளினார்கள். ஹால்வர்சன்கூட, வேறு வழியில்லாத ஒரு நிம்மதியோடு, "வா லேன்" என்றார். அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம்.

சட்டையைக் கழற்றினான். காலுறையைக் கழற்றினான். கழுத்தில் கிடந்த சின்னச் சங்கிலியைக் கழற்றி ரோக்கோவின் கையில் கொடுத்தான். உள்ளாடையையும் கழற்றிவிட்டு, மூச்சை முழுக்க வெளியே விட்டு ஏறினான். மூச்சுக்கு எடை இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நடுவர் இந்த முறை தராசைத் தட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இவரும் கூட. ரெண்டு."

எதிரணியின் பயிற்சியாளர் மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார். மூன்றாவது ஆள் என்று ஒருவன் போன வருடம் வரை இருந்தான், அவன் இப்போது ஊரில் டயர் கடையில் இருக்கிறான்.

"டேய்" என்றான் ரோக்கோ. "நீ எப்பவும் எடையில இருப்பேன்னு சொன்னாங்களேடா. இந்த அறையே சொல்லிச்சே."

"இருந்தேன்" என்றான் லேன். "எப்பவும் இருந்தேன்."

போட்டி தொடங்கியது. இலகு எடைக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், இரண்டு பேர் ஜெயித்தார்கள். நூற்று நாற்பத்தொன்பது வந்தது. எதிரணிப் பையன் ஓடிவந்து வட்டத்தின் நடுவில் நின்றான். இந்தப் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. ஒலிபெருக்கி "வாக்ஓவர்" என்றது, நடுவர் அந்தப் பையனின் கையைத் தூக்கிக் காட்டினார், அவன் கொஞ்சம் கூச்சத்தோடு திரும்பி ஓடினான். முன்வரிசையில் கோட்டுப் போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லேன் வட்டத்தையே பார்த்தான். அந்த நேரத்தில் அந்த இடம் ரோக்கோவுடையதும் இல்லை, பணம் போட்டவர்களுடையதும் இல்லை. காலியாகக் கிடந்தது. தன்மேல் அவனுக்கு வந்த கோபம் இதுவரை வேறு யார் மேலும் வந்ததில்லை.

"உங்கப்பா அம்மா எங்க?" என்றான் ரோக்கோ. "நான் போய்ச் சொல்றேன், எல்லாம் என்னாலன்னு."

"வேணாம். நான் சொல்லிக்கறேன்."

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது படியேறிப் போனான். அம்மா அவன் உட்கார, பக்கத்து இருக்கையில் கிடந்த கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா, "உங்க எடைக்கு ஆளே வரலியே, என்ன ஆச்சு? அந்த விளம்பரக்காரப் பையனுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"அவன் எடை கூடிப்போச்சுப்பா. என்னுதும். நேத்து நான் நல்லா சாப்பிட்டுட்டேன். எப்படியும் என்னைக் கூப்பிட மாட்டாங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "கூப்பிட்டாங்க. நான்தான் இறங்கியிருக்கணும்."

அம்மா கீழே பார்த்தாள். வேலையாட்கள் விரிப்பைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"இன்னைக்கா?" என்றாள்.

"ஆமாம்மா. இன்னைக்குத்தான்."